நண்டு கவ்வும் தட்டு

முப்பத்திரண்டு வயதில் எனக்குப் பணி ஓய்வு விழா நடத்தினார்கள். மாலை, பொன்னாடை, பேனர் எல்லாம் உண்டு. பேனரில் இருந்த என் படத்துக்கு யாரோ கம்ப்யூட்டரில் நரைமுடி வைத்திருந்தார்கள். கையில் ஒரு ஊன்றுகோலும் கொடுத்திருந்தார்கள். உண்மையில் நான் ஓய்வெல்லாம் பெறவில்லை. ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் பிரேக் பாடம் நடத்தப் போகிறேன், அவ்வளவுதான். ஆனால் எண்ணூர் போகும் சாலையோரம் இருக்கிற எங்கள் பட்டறையை விட்டு யாரும் சும்மா போய்விட முடியாது. ஒன்று சண்டை போட்டுவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் ஓய்வு பெற்றுப் போக வேண்டும். எனக்கு இரண்டாவதை அமைத்துக் கொடுத்தார்கள்.

விழா முடிந்து பிரியாணி சாப்பிடும்போது, புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். இப்போது பட்டறைக்கு மின்சார வேன்கள் வரத் தொடங்கிவிட்டன. அவற்றில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. பிரேக்குக்குப் பாதி வேலை குறைந்துவிட்டது.

"அக்கா, இதுல பிரேக் பேடே தேயறதில்லியாமே. அப்போ நாங்கள்லாம் இன்னா பண்றது? அத எழுதிக் குட்த்துட்டுப் போங்க, நம்ம பட்டறை ஆண்டு மலர்ல போட்லாம்" என்றார்கள்.

எழுதுகிறேன். பதிலும் கடைசியில் வரும். அதற்கு முன்னால் இந்தப் பட்டறையில் என் வேலை போகவிருந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேருக்கு அது என்னோடு வேலை பார்க்கும் பாஷா சொல்லித்தான் தெரியும். பாஷா சொன்னால் அதில் மசாலா அதிகம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். எதை எழுதினாலும் இதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. அம்மா மீன் விற்பவள். திருவொற்றியூர் குப்பத்தில் எங்கள் கொல்லைப்புறத்துக்கும் கடலுக்கும் நடுவில் வலை காயப்போடுகிற மணல் மட்டும்தான் இருக்கிறது. அம்மா பள்ளிக்கூடப் படி ஏறியதெல்லாம் என் மதிப்பெண் பட்டியலில் கைநாட்டு வைக்கத்தான். அப்போதும் வகுப்பு ஆசிரியையிடம், "இன்னும் எங்கனா வைக்கணும்னாலும் சொல்லுங்க, வச்சிட்டுப் போறேன்" என்பாள்.

படித்த காலத்தையும் பயிற்சிக் காலத்தையும் சீக்கிரம் முடித்துவிடலாம். டிப்ளமோவில் பிரேக்கைப் படத்தில் பார்த்தேன். பட்டறையில் தரையில் சிந்திய ஆயிலைத் துடைத்தேன். இங்கே முதல் பெண் நான் என்பதால் எல்லோரும் மிகுந்த மரியாதையோடு ஸ்பேனரைத் தராமல் நாற்காலியைத் தந்தார்கள். நான் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டுச் சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தேன். அந்த நாற்காலியில் இன்றைக்கும் பாஷாவின் சட்டை தொங்குகிறது. பாஷா எனக்கு முன்னால் சேர்ந்தவன், என்னைவிட நன்றாக வேலை செய்பவன். இதை எழுத்தில் கேட்டான், கொடுத்துவிட்டேன்.

புதியவர்களுக்காக டிஸ்க் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. சக்கரத்தோடு சேர்ந்து ஒரு இரும்புத் தட்டு சுற்றுகிறது. அதுதான் டிஸ்க். அதன் விளிம்பின் மேல், இரண்டு பக்கமும் அணைத்தாற்போல் காலிப்பர் உட்கார்ந்திருக்கிறது. காலிப்பருக்குள், தட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு பேட். நீங்கள் பெடலை மிதிக்கிறீர்கள். அந்த அழுத்தம் குழாயில் இருக்கும் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. காற்றை அழுத்தினால் சுருங்கும். ஆயில் சுருங்காது. அதனால் உங்கள் கால் கொடுத்த அழுத்தம் வழியில் எங்கும் தங்காமல் காலிப்பருக்குள் இருக்கிற பிஸ்டனுக்குப் போய்ச் சேர்கிறது. பிஸ்டன் உள்பக்கப் பேடைத் தட்டின் மேல் அமுக்குகிறது. அதே வேகத்தில் காலிப்பர் தன்னைத் தாங்கும் 'பின்' கம்பிகளின் மேல் வழுக்கி நகர்ந்து, வெளிப்பக்கப் பேடையும் இழுத்து வந்து அமுக்குகிறது. தட்டு நடுவில் மாட்டிக்கொள்கிறது. வண்டியின் ஓட்டம் சூடாக மாறிக் காற்றோடு போய்விடுகிறது.

காலை எடுத்தால் என்ன ஆகிறது? அங்கே ஸ்பிரிங் எதுவும் பிடித்து இழுக்கவில்லை. பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. பிஸ்டன் முன்னால் போகும்போது அதுவும் கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. அழுத்தம் போனதும் ரப்பர் பழைய நிலைக்குத் திரும்பி, பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னால் இழுத்துக்கொள்கிறது. அந்த மயிரிழை இடைவெளியில்தான் இத்தனை வருடம் நான் சோறு தின்றேன்.

இதில் எல்லாமே ஒன்றை நம்பித்தான் இருக்கிறது. பேடும் தட்டும் காய்ந்திருக்க வேண்டும். உராய்வு இல்லையென்றால் மேலே சொன்ன எதற்கும் பொருள் இல்லை.

எங்கள் மேற்பார்வையாளர் சேவியர் சார். ராயபுரத்துக்காரர். பட்டறைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வருவார், மாலையில் அதே வெள்ளையோடு திரும்பிப் போவார். எப்படி என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. அவர் யாரையும் திட்டியதில்லை. வேலை மோசமாக இருந்தால் பாராட்டுவார். ஒருமுறை பாஷா ஒரு போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விட்டுவிட்டான். சேவியர் சார் அதை விரலாலேயே சுற்றிக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "பாஷா, இரும்பைக் கூட இவ்ளோ மென்மையா நடத்தற மனசு யாருக்கு வரும்" என்றார். பாஷா அன்று மதியம் சாப்பிடவில்லை. நல்ல வேலை என்றால் அவர் ஒன்றுமே சொல்ல மாட்டார். அந்த மௌனத்துக்காக நாங்கள் ஏங்குவோம்.

பிரேக் வேலை முடிந்தால் அவரே ஓட்டிப் பார்ப்பார். பட்டறைக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத நேர்ச்சாலையில் போய், ஸ்டீயரிங்கை இரண்டே விரலால் தொட்டுக்கொண்டு பிரேக்கை அழுத்துவார். வண்டி எந்தப் பக்கமும் சாயாமல் நேராக நிற்க வேண்டும். பிறகு, வேலை பார்த்தவரைப் பக்கத்தில் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"உங்கம்மாவ இந்த வண்டில ஏத்திக்கினு போவியா?"

"ஏத்திக்கினு போவேன் சார்" என்று சொன்ன பிறகுதான் சாவி வண்டிக்காரர் கைக்குப் போகும். மற்றவர்களுக்கு அது ஒரு சடங்கு. அவர்களுடைய அம்மாக்கள் வியாசர்பாடியில் வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் கதை வேறு. ஏழுமலை அண்ணனின் வேனில் என் அம்மா நிஜமாகவே தினமும் ஏறினாள்.

ஏழுமலை அண்ணன் எங்கள் குப்பத்துக்காரர். விடிவதற்கு முன்னால் மீன்காரப் பெண்களையும் அவர்களுடைய அன்னக்கூடைகளையும் ஏற்றிக்கொண்டு காசிமேட்டுக்குப் போவார். அங்கே ஏலத்தில் மீன் எடுத்ததும் அவரவர் விற்கிற தெருவில் இறக்கிவிடுவார். மதியத்துக்குள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து, வேனை எங்கள் வீட்டு எதிரில் நிறுத்துவார். சந்து குறுகல். வேனின் வலது பக்கம் எதிர்ச் சுவரை ஒட்டி நிற்கும். இடது பக்கம் எங்கள் வாசலைப் பார்த்து நிற்கும். அம்மாவுக்கு முன் சீட்டு. அதற்காக அவள் யாரிடம் என்ன சண்டை போட்டாள் என்பது தனிக் கதை.

அந்த வேனுக்கு முன்பக்க டிஸ்க் இரண்டும் தேய்ந்து போய்விட்டன. புதிய தட்டு, புதிய பேட் எல்லாம் நான்தான் போட்டேன். வண்டியை எடுக்க ஏழுமலை அண்ணனோடு அம்மாவும் வந்தாள். சக்கரம் மாட்டுவதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். தட்டு பளபளவென்று இருந்தது. அம்மா குனிந்து அதில் முகம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டாள். நான் ரோட்டார், காலிப்பர், ஹைட்ராலிக் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் எடுத்து விட்டேன். அம்மா மெய்மறந்து கேட்டாள். புரிந்ததால் அல்ல.

இரண்டு வாரத்தில் வேன் திரும்பி வந்தது.

"இன்னாம்மா தேவி, பிரேக்கு பிடிச்சா வண்டி சோத்துக்கை பக்கமா ஓடுது. நான் ஓட்றனா, அது ஓட்டுதான்னே தெர்ல" என்றார் ஏழுமலை அண்ணன்.

வண்டி வலது பக்கம் இழுத்தால், இடது சக்கரத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்று பொருள். கழற்றிப் பார்த்தேன். இடது பக்கத்துப் பேட் இரண்டும் எண்ணெய் குடித்திருந்தன. பிரேக் ஆயில் கசிகிறதா என்று பார்த்தேன், ரப்பர் எல்லாம் காய்ந்திருந்தது. சக்கர பேரிங்கிலிருந்து கிரீஸ் வருகிறதா என்றால் அதுவும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று காலிப்பரின் ரப்பர்களையெல்லாம் மாற்றி, தட்டைச் சுத்தம் செய்து, புதிய பேட் போட்டு அனுப்பினேன்.

மறுபடியும் வந்தது. அதே இடது சக்கரம். அதே எண்ணெய்.

இந்த முறை பாஷா பேடை மூக்கருகில் வைத்து முகர்ந்தான். பிரேக் ஆயிலுக்கு ஒரு வாசனை, கிரீஸுக்கு ஒரு வாசனை உண்டு. பாஷா கண்ணை மூடிக்கொண்டு, "இது கூந்தல் வாசன மாமு" என்றான்.

எல்லோரும் என் ஜடையைப் பார்த்தார்கள்.

நான் பேடை வாங்கி முகர்ந்தேன். பொய் சொல்ல முடியாது. அது தேங்காய் எண்ணெய்தான். சூட்டில் கருகிய தேங்காய் எண்ணெய். அன்று காலையும் அம்மா என் தலையில் ஒரு கை எண்ணெயை வைத்து அழுத்தித்தான் அனுப்பியிருந்தாள்.

அதன் பிறகு பட்டறையில் எனக்கு நிம்மதி போனது. நான் எந்த வண்டியைத் தொட்டாலும் யாராவது சீப்பைக் கொண்டு வந்து நீட்டினார்கள். டூல் பெட்டியில் பூ வைத்தார்கள். நான் சிரித்துக்கொண்டே ஷாம்பு போட்டுக் குளித்து, தலையைத் துணியால் இறுக்கிக் கட்டி, கையுறை மாட்டி, பாஷாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த வேலையைத் திரும்பச் செய்தேன். ஒரு சொட்டு எண்ணெய் கூட அந்தச் சக்கரத்தின் பக்கம் வரவில்லை என்று பாஷாவே சாட்சி சொன்னான்.

மூன்றாவது முறை வேன் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

அன்று விடியற்காலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்த இடத்தில் ஏழுமலை அண்ணன் பிரேக் பிடித்திருக்கிறார். வேன் வலது பக்கம் திரும்பி ஒரு டிரெய்லரின் பின்பக்கத்தை நோக்கிப் போயிருக்கிறது. முழங்கை அளவு இடைவெளியில் நின்றிருக்கிறது. பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள், கூடைகள் உருண்டன, யாருக்கும் அடியில்லை. முன் சீட்டில் அம்மா இருந்தாள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. "நீ படிச்ச பொண்ணும்மா, கையெழுத்தும் அழகா இருக்கு. முன்னாடி மேசையில உட்கார்ந்து வர்றவங்ககிட்ட குறை கேட்டு எழுது. அது உனக்கு நல்லா இருக்கும்" என்றார். அதாவது, சுவரோரம் தள்ளிவிட்ட நாற்காலி திரும்பி வந்துவிட்டது.

சேவியர் சார்தான் குறுக்கே வந்தார். "இன்னொரு தடவை பார்க்கட்டும் முதலாளி. அதுக்கப்புறமும் இதே வாசனையோட வந்தா, அவளே மேசைக்குப் போயிடுவா" என்றார். நான் மறுபடியும் தட்டைச் சுத்தம் செய்து புதிய பேட் போட்டேன். அவர் வேனை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, வழக்கம்போல என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"உங்கம்மாவ இந்த வண்டில ஏத்திக்கினு போவியா?"

அந்தப் பட்டறையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்ற முதல் ஆள் நான். வண்டி சரியாகத்தான் இருந்தது. ஆனால் முன்பும் இங்கிருந்து சரியாகத்தான் போனது. சேவியர் சார், "நல்லது, பொய் சொல்லல" என்று சாவியை என் கையிலேயே கொடுத்தார். அவர் வாயிலிருந்து வந்த பாராட்டு. எவ்வளவு பயந்தேன் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

சாவியை ஏழுமலை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, அன்று சாயங்காலம் அம்மாவிடம், "கொஞ்ச நாளைக்கு நீ ஷேர் ஆட்டோல போம்மா" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"அந்த வண்டி சரியா இல்ல."

"நீதான பாத்த?"

"நான்தான் பாத்தேன். அதான் சொல்றேன்."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ ரிப்பேரு பண்ண வண்டில நானே ஏறலன்னா, மத்தவளுங்க எப்புட்றீ ஏறுவாளுங்க? எம் பொண்ணு பாத்த வண்டின்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறேன். இப்ப நான் ஆட்டோல போனா நம்ம மானம் இன்னா ஆவுறது? நீ போய் சோறு துன்னு."

மறுநாளும் முன் சீட்டில்தான் போனாள். அவள் மதியம் திரும்பிவிட்டாள் என்று பக்கத்து வீட்டிலிருந்து போன் வரும்வரை நான் தொட்ட போல்ட்டையெல்லாம் பாஷா இன்னொரு முறை சரிபார்க்க வேண்டியிருந்தது.

அந்த வாரம் எங்கள் பகுதியில் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தினார்கள். பட்டறைக்கு விடுமுறை. மதிய நேரம் நான் வீட்டில் இருப்பதே அபூர்வம். அம்மா வியாபாரம் முடிந்து வந்து, விற்காமல் மிஞ்சிய மீனைக் குழம்புக்கு அரிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் நான்கைந்து நண்டுகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருந்தன. வாசலில் ஏழுமலை அண்ணனின் வேன், இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

அம்மா அரிந்து முடித்தாள். அரிவாள்மனையைக் கழுவித் துடைத்தாள். கந்தல் துணியில் தேங்காய் எண்ணெயை ஊற்றி, அலகின் மேல் இரண்டு பக்கமும் தேய்த்தாள். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி இது. கடல் காற்றில் எந்த இரும்பையும் ஒரு நாள் சும்மா விட முடியாது. எங்கள் குப்பத்தில் அரிவாள்மனை, கத்தி, தாழ்ப்பாள், சைக்கிள் செயின் எல்லாமே தினமும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும். மனிதர்கள்தான் சனிக்கிழமைக்குக் காத்திருப்பார்கள்.

அரிவாள்மனையை மூலையில் சாய்த்து வைத்தாள். துணி மட்டும் கையிலேயே இருந்தது. அதை ஒரு விளக்குமாற்றுக் கட்டையின் நுனியில் சுற்றினாள். இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டாள். வாசலுக்குப் போய், வேனின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சக்கரத்தில் இருக்கிற ஓட்டை வழியாகக் கட்டையை உள்ளே விட்டாள்.

நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன்.

"அம்மா! இன்னா பண்ற?"

"இன்னா பண்றேன்? நீ பாக்காத வேலைய நான் பாக்குறேன்" என்றாள், கை நிற்காமல். "புதுத் தட்டு, முகம் பாக்கலாம்னு இருந்துச்சி. ஒரே ராவுல செம்மண்ணு மாரி துரு. காலைல வண்டில ஏறசொல்லோ கூட வர்ற செல்லம்மா பாத்துட்டு கேக்குறா, 'இன்னாக்கா, உம் பொண்ணு பழைய தட்டுக்கு வெள்ளி பூசி மாட்டிட்டாளா'ன்னு. எனக்கு எப்டி இருக்கும்? எம் பொண்ணு போட்டது துரு புடிக்கலாமா?"

"அது மேல்துரும்மா. எல்லா வண்டிலயும் வரும். காலைல ரெண்டு வாட்டி பிரேக் பிடிச்சா பேடே தேச்சி எடுத்துடும்."

"அப்ப இதுவும் தேச்சி எடுத்துடும். எண்ண ஒண்ணும் பண்ணாது. நான் பிரேக்கு மேல தடவல, தட்டு மேலதான் தடவுறேன்."

இனி ரோட்டார், ஹைட்ராலிக் எல்லாம் உதவாது. நான் உள்ளே போய் ஒரு சாப்பாட்டுத் தட்டையும் பாத்திரத்திலிருந்து பெரிய நண்டு ஒன்றையும் எடுத்து வந்தேன். தட்டின் விளிம்பைக் கொடுக்கருகில் கொண்டுபோனேன். நண்டு கவ்விக்கொண்டது. தட்டைத் திருப்பப் பார்த்தேன். திரும்பவில்லை.

"இந்தத் தட்டுதான் சக்கரத்தோட சுத்துது. உள்ள இந்த மாரி ஒரு கொடுக்கு கீது. ஏழுமலை அண்ணன் கால அமுக்குனா, கொடுக்கு கவ்வும். கவ்வுனா தட்டு நிக்கும், சக்கரம் நிக்கும், வண்டி நிக்கும். அவ்ளோதாம்மா பிரேக்கு."

அம்மா நண்டைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் அவளே கொடுக்கை விலக்கித் தட்டை வாங்கி, கையிலிருந்த கந்தலால் விளிம்பில் எண்ணெயைத் தடவி, மறுபடி நண்டிடம் நீட்டினாள். கொடுக்கு கவ்வியது. அம்மா லேசாகத்தான் திருப்பினாள். தட்டு வழுக்கிக்கொண்டு சுற்றியது.

இன்னொரு முறை திருப்பினாள். மறுபடியும் வழுக்கியது.

"அப்ப அன்னிக்கி அந்த டிரெய்லர் லாரிகிட்ட…" என்றாள். "நாங்க அத்தினி பேரும்…"

"ஆமாம்மா."

நண்டைத் தூக்கிப் பாத்திரத்தில் போட்டாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. என் மேல்தான்.

"நண்டுன்னு மொதல்லயே சொல்லக் கூடாதாடி? டிஸ்க்கு டிஸ்க்குன்னா எனக்கு இன்னாத்த தெரியும்? கொடுக்குல எண்ண பட்டா வழுக்கும்னு எனக்கா தெரியாது? இத்தினி படிச்சி இன்னா பிரயோஜனம்!"

ஏழுமலை அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லி வண்டியை அங்கேயே நிறுத்திவைத்தோம். மறுநாள் பட்டறையில் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். வண்டிக்காரர்கள் பக்கம் யாரோ எண்ணெய் தடவிவிட்டார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். வேலையும் மிஞ்சும், மானமும் மிஞ்சும். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. வேன் மெதுவாக ஊர்ந்து பட்டறைக்குள் நுழைந்தபோது பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஒரு கையில் நண்டுப் பை. இன்னொரு கையில் அந்தக் கந்தல்.

நேராகச் சேவியர் சாரிடம் போனாள்.

"சாரு, எம் பொண்ணு கை சுத்தம். எண்ண என்னுது. இவ முடியில இருந்து வரல. தெனம் மத்தியானம் நாந்தான் தடவுனேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக் கந்தலை மேசைமேல் வைத்தாள். ஏன் தடவினாள் என்பதையும், செல்லம்மா கேட்ட கேள்வியையும், நண்டு காட்டிய பாடத்தையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

பாஷா கந்தலை எடுத்து முகர்ந்தான். "அதேதான் சார்" என்றான். அதோடு அவனால் அடக்க முடியவில்லை. பட்டறை முழுக்கச் சிரித்தது. முதலாளியும் சிரித்தார். எனக்குக் காது வரை சூடேறியது. அம்மா மட்டும் நிமிர்ந்து நின்றாள்.

சேவியர் சார் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "அம்மா, ஒரு வண்டிய இவ்ளோ அக்கறையா பாத்துக்கறவங்கள நான் என் சர்வீஸ்லயே பாத்ததில்ல."

அவருடைய பாராட்டுக்கு என்ன பொருள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கு மட்டும் தெரியாது. இன்றைக்கும் குப்பத்தில் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாங்கள் யாரும் திருத்தவில்லை.

தட்டைப் பிரேக் கிளீனர் அடித்துக் கழுவினேன். எண்ணெய் குடித்த பேடைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது போட்டேன். சேவியர் சார் ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோது அம்மா கேட்காமலேயே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் பின்னால் ஏறினேன். இரண்டு விரல். பிரேக். வேன் தூண்டிலில் மாட்டிய மீன்போலத் துள்ளாமல், இழுக்காமல், நேராக நின்றது. சேவியர் சார் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் என் காதுக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்தது.

திரும்பி வந்து இறங்கியதும் என்னைப் பார்த்துக் கேட்டார். அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"உங்கம்மாவ இந்த வண்டில ஏத்திக்கினு போவியா?"

"ஏத்திக்கினு போவேன் சார்" என்றேன். "வண்டிகிட்ட தனியா மட்டும் விட மாட்டேன்."

அன்றுதான் முதன்முறையாகச் சேவியர் சார் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தோம். சிரித்த வேகத்தில் பக்கத்து மேசையில் கிடந்த கந்தலின் மேல் கையை ஊன்றி, அதே கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அவருடைய வெள்ளைச் சட்டையில் நாங்கள் பார்த்த ஒரே கறை அம்மாவின் எண்ணெய்தான். முன்பக்க மேசையைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மின்சார வண்டியில் பேட் தேயாதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். பிரேக்கை அடிக்கடி பிடிக்காவிட்டால் தட்டின் மேல் படிகிற துருவைத் தேய்த்து எடுப்பது யார்? எண்ணூர்க் காற்றில் ஒரு வாரம் சும்மா நின்றாலே போதும். காலிப்பரின் பின்கள் உப்பில் இறுகிக்கொள்ளும், தட்டு சொரசொரக்கும். தேய்ந்து போனதை மாற்றிக்கொண்டிருந்த நாம், இனி தேயாமல் கெட்டுப்போனதைப் பார்க்க வேண்டியிருக்கும். வேலை உங்களை விட்டு எங்கும் போகாது. வண்டிக்காரரிடம் எப்படி ஓட்டுகிறார் என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கே நிறுத்துகிறார், வாசலில் யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

பயிற்சி நிலையத்தில் முதல் வகுப்புக்கு என்ன கொண்டுபோகப் போகிறேன் என்று அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். நல்ல நண்டாகப் பார்த்து எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். பாடம் முடிந்ததும் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும், குழம்புக்கு.

ஓய்வு விழாவில் சுவர்க் கடிகாரம் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். பாஷா ஒரு பழைய பேனர் துணியைச் சுற்றி, ரிப்பன் கட்டிய கனமான பொருளை என் கையில் வைத்தான். பிரித்தால், ஏழுமலை அண்ணன் வேனின் இடது டிஸ்க். கதை நடந்த அதே தட்டு. பிற்பாடு தேய்ந்து கழற்றியபோது பாஷா அதைக் காயலான் கடைக்குப் போட விடாமல் எடுத்து வைத்திருக்கிறான்.

இப்போது அது எங்கள் வீட்டில் அலமாரியின் மேல், என் டிப்ளமோ சான்றிதழுக்குப் பக்கத்தில் நிற்கிறது. எதிரே கடல். ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும். சான்றிதழின் ஓரமெல்லாம் உப்புக் காற்றில் பழுத்துவிட்டது. தட்டில் மட்டும் ஒரு புள்ளி துரு கிடையாது. அரிவாள்மனையைத் துடைத்து முடித்ததும் அம்மா தினமும் அதற்கும் எண்ணெய் தேய்க்கிறாள். குனிந்து, முகம் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்கிறாள். இந்த ஒரு தட்டுக்கு மட்டும் நான் அனுமதி கொடுத்திருக்கிறேன்.